ஏ முதல் இசட் வரை சொல்கிறான், ‘அம்மா’ என்று கூப்பிடவில்லை

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். பனியன் கம்பெனி ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறார். கணவர் மஸ்கட்டில் இருக்கிறார், தினமும் ராத்திரி வீடியோ காலில் பேசுவார். ஒரே மகன், 2 வயது 5 மாதம். பகலில் மாமியார் பார்த்துக்கொள்கிறார்.

பையன் தானாகச் சொல்வது ‘பால்’, ‘காக்கா’, ‘தா’, ‘போ’ என்று எட்டுப் பத்துச் சொற்கள்தான். ஆனால் ஏ முதல் இசட் வரை ஒப்பிக்கிறான், 20 வரை எண்ணுகிறான், நிறங்களை ஆங்கிலத்தில் சொல்கிறான். எல்லாம் போனில் பாட்டுப் பார்த்து வந்தவை. ஏதாவது வேண்டுமென்றால் பெரியவர்களின் கையைப் பிடித்து இழுத்துப் போய் அந்தப் பொருளின் மேல் வைக்கிறான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சில சமயம்தான் திரும்புகிறான். பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தால் அடுத்த அறையிலிருந்து ஓடி வருகிறான். நாளைக்கு நான்கைந்து மணி நேரம் போன். போன் இல்லாமல் ஒரு வாய் சோறு இறங்காது.

“இவங்கப்பனே மூணு வயசுலதான் பேசுனான், நாக்குல வசம்பு தடவுனா சரியாப் போகும்” என்கிறார் மாமியார். பிளே ஸ்கூலில் விசாரித்தபோது, உடனே சேருங்கள், ஸ்மார்ட் கிளாஸ் இருக்கிறது, வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள் என்றிருக்கிறார்கள். போன் பார்த்தால் ஆட்டிசம் (பிறரோடு பழகுவதிலும் பேசுவதிலும் சிரமம் தரும் மூளை வளர்ச்சி மாறுபாடு) வரும் என்று உறவினர் ஒருவர் பயமுறுத்தியிருக்கிறார். வாசகி கேட்பவை நான்கு: இது ஆட்டிசமா? காத்திருக்கலாமா? பிளே ஸ்கூலில் விட்டால் பேச்சு வந்துவிடுமா? நான் வேலையை விட்டுவிட வேண்டுமா?

அன்புள்ள சகோதரிக்கு,

நான்கில் ஒன்றுக்கு மட்டும் உடனே பதில் சொல்லிவிடலாம். காத்திருக்க வேண்டாம். மற்ற மூன்றையும் நிதானமாகப் பார்ப்போம்.

இரண்டு வயது முடியும்போது பெரும்பாலான குழந்தைகளிடம் 50 சொற்களாவது இருக்கும். ‘பால் தா’, ‘அப்பா போச்சு’ என்று இரண்டு சொற்களைச் சேர்க்கவும் தொடங்கியிருப்பார்கள். உங்கள் மகன் இதற்குப் பின்னால் இருக்கிறான். தாமதமாகப் பேசத் தொடங்கும் குழந்தைகளில் பலர் தாங்களாகவே எட்டிப் பிடித்துவிடுகிறார்கள், அது உண்மை. யார் எட்டிப் பிடிப்பார்கள், யாருக்கு உதவி வேண்டும் என்பதைத்தான் இந்த வயதில் வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. ஆண் பிள்ளைகள் சற்றுத் தாமதமாகப் பேசுவார்கள் என்பதும் உண்மைதான், ஆனால் அந்த வித்தியாசம் ஓரிரு மாதம். அப்பாவும் மூன்று வயதில்தான் பேசினார் என்பதைக் காத்திருக்கக் காரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பேச்சுத் தாமதம் குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் சீக்கிரம் பரிசோதிக்க அதுவே ஒரு காரணம். வசம்பு தேய்த்தால் சொல் வராது, குழந்தைக்கு வாந்தி வரலாம். அதை நிறுத்திவிடுங்கள்.

முதலில் காது

பிஸ்கட் பாக்கெட் சத்தத்துக்கு ஓடி வருகிறான், அதனால் காது நன்றாகத்தான் கேட்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி முடிவு செய்ய முடியாது. சில ஒலிகள் நன்றாகக் கேட்டு, பேச்சில் வரும் ‘ச’, ‘த’, ‘ப’ போன்ற மெல்லிய ஒலிகள் மங்கிப்போகும் குறைபாடுகள் இருக்கின்றன. அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைகளுக்கு நடுக்காதில் நீர் கோத்துக்கொண்டாலும் பேச்சு ஏதோ தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஏற்ற இறக்கமாகத்தான் கேட்கும். பிறந்தவுடன் செய்த பரிசோதனையில் தேறியிருந்தாலும் பிறகு குறைபாடு வரக்கூடும். ஆகவே காது மூக்கு தொண்டை மருத்துவரையும் கேள்திறனைப் பரிசோதிக்கும் ஆடியாலஜிஸ்ட்டையும் இந்த மாதத்துக்குள் பாருங்கள். காதில் சிறு கருவி வைத்துச் செய்யும் ஓஏஇ பரிசோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். தேவைப்பட்டால், ஒலி மூளைக்குப் போய்ச் சேருகிறதா என்று பார்க்கும் பெரா பரிசோதனை எடுப்பார்கள். அதற்குக் குழந்தை அசையாமல் தூங்க வேண்டும், எனவே அன்று காலையில் சீக்கிரம் எழுப்பிவிட்டு, தூங்கும் நேரம் பார்த்துக் கூட்டிப் போங்கள்.

ஆட்டிசமா என்ற கேள்வி

ஒரு கடிதத்தைப் படித்துவிட்டு ஆம் என்றோ இல்லை என்றோ யாரும் சொல்லக் கூடாது, நானும் சொல்ல மாட்டேன். கவனிக்க வேண்டியவற்றை மட்டும் சொல்கிறேன். பேச்சை விடவும் முக்கியமானது விரல் நீட்டுவது. குழந்தைகள் இரண்டு காரணத்துக்காக விரல் நீட்டுவார்கள். ஒன்று, ‘அது வேண்டும்’. மற்றது, ‘அங்கே பாரேன்!’ ஆகாயத்தில் விமானம் போனால் அதைக் காட்டிவிட்டு, நீங்களும் பார்த்தீர்களா என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பது இரண்டாவது வகை. அது உங்கள் மகனிடம் இருக்கிறதா? பொம்மையைக் கொண்டுவந்து காட்டுகிறானா? நீங்கள் சிரித்தால் சிரிக்கிறானா? காலி டம்ளரில் காபி குடிப்பதுபோல் நடிக்கிறானா? கையை இழுத்துப் பொருளின் மேல் வைப்பதும் பெயருக்குத் திரும்பாததும் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டியவை. அவற்றை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது.

16 முதல் 30 மாதம் வரையிலான குழந்தைகளுக்கென்று எம்-சாட் என்ற 20 கேள்விகள் கொண்ட முதற்கட்டச் சோதனை இருக்கிறது. உங்கள் மகனுக்கு 29 மாதம், இப்போதே கேட்டுச் செய்துகொள்ளுங்கள். அதில் மதிப்பெண் அதிகமாக வந்தால் முழு மதிப்பீடு தேவை என்றுதான் பொருள், ஆட்டிசம் உறுதி என்று பொருளல்ல.

போன் ஆட்டிசத்தை உண்டாக்காது. அதன் வேர் மூளை வளர்ச்சியில், பெரும்பகுதி மரபில் இருக்கிறது. சில குழந்தைகளுக்கு மனித முகத்தைவிடத் திரை சுலபமாக இருக்கும், அதனால் அதையே நாடுவார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் திரைதான் காரணம்போல் தெரியும். இந்தக் குற்ற உணர்வை இறக்கி வையுங்கள். ஆனால் போன் எடுத்துக்கொள்ளும் ஐந்து மணி நேரம் வேறு எதற்கோ சேர வேண்டிய நேரம். அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

போன் பார்த்து ஏன் பேச்சு வரவில்லை

அமெரிக்காவில் பாட்ரிசியா கூல் என்ற ஆய்வாளரின் குழு 2003-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு. ஆங்கிலம் பேசும் வீடுகளைச் சேர்ந்த 9 மாதக் குழந்தைகளிடம் சீன மொழி பேசுபவர்கள் நேரில் வந்து, 12 முறை விளையாடிப் பேசினார்கள். குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டார்கள். அதே ஆட்கள், அதே பேச்சு, அதே அளவு நேரம், ஆனால் டிவியில் பார்த்த குழந்தைகள் எதுவும் கற்கவில்லை. சொற்களைக் கற்றுத்தருவதாக விற்கப்பட்ட வீடியோவை ஒன்று ஒன்றரை வயதுக் குழந்தைகள் நான்கு வாரம் பார்த்து, பார்க்காத குழந்தைகளைவிட அதிகமாக எதுவும் கற்கவில்லை என்று 2010-ல் வந்த இன்னோர் ஆய்வு காட்டியது. அதில் அதிகம் கற்றவர்கள், வீடியோவே இல்லாமல் அம்மா அப்பா அன்றாட வேலைகளுக்கிடையே அதே சொற்களைச் சொல்லித் தந்த குழந்தைகள்.

இதற்குக் காரணம் திரையின் வெளிச்சம் அல்ல. 2014-ல் இரண்டு, இரண்டரை வயதுக் குழந்தைகளுக்குப் புதிய வினைச்சொற்களைச் சொல்லிக் கொடுத்துப் பார்த்தார்கள். நேரில் பேசினாலும் கற்றார்கள், வீடியோ காலில் பேசினாலும் கற்றார்கள். அதே ஆள் பேசிப் பதிவு செய்த வீடியோவில் கற்கவில்லை. வீடியோ காலில் இருப்பவர் குழந்தையின் செயலுக்குப் பதில் சொல்கிறார். பதிவு செய்த வீடியோ, குழந்தை சிரித்தாலும் திரும்பிக்கொண்டாலும் ஒரே மாதிரி ஓடிக்கொண்டிருக்கும். தான் செய்ததற்குச் சில நொடிகளில் ஒரு பதில் வருகிறது என்பதுதான் இந்த வயதில் கற்றலைத் தூண்டும் விஷயம். உங்கள் கணவரின் ராத்திரி வீடியோ காலை எக்காரணம் கொண்டும் குறைக்காதீர்கள். இந்த வீட்டில் நல்லது செய்யும் திரை அது ஒன்றுதான்.

ஏ முதல் இசட் வரை தெரிகிறதே, அது கெட்டிக்காரத்தனம் இல்லையா என்று கேட்கிறீர்கள். நினைவாற்றல் நன்றாக இருக்கிறது, மகிழ்ச்சி. ஆனால் 26 எழுத்துகளை வைத்துக்கொண்டு அவனால் எதையும் கேட்க முடியாது, யாரையும் கூப்பிட முடியாது. ‘தா’ என்ற ஒரு சொல்லை வைத்து அவன் உங்களை அசைத்துவிடுகிறான். எனக்கு அந்த ‘தா’தான் பெரிய சொல்லாகத் தெரிகிறது. இனி எழுத்தை எண்ணாதீர்கள்; பிறரிடம் ஒன்றைப் பெறவோ காட்டவோ எத்தனை சொல், எத்தனை சைகை பயன்படுத்துகிறான் என்று எண்ணுங்கள்.

இது பேச்சோடு நிற்பதும் அல்ல. ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி (1896–1934) சொன்ன ஒரு கருத்து இன்றும் குழந்தை வளர்ச்சித் துறையின் அடிப்படைகளில் ஒன்று: குழந்தையின் ஒவ்வோர் உயர்ந்த மனத்திறனும் முதலில் இரண்டு பேருக்கிடையே தோன்றி, பிறகுதான் குழந்தைக்குள் போகிறது. ‘மெதுவா... மெதுவா... கீழே வை’ என்று அப்பத்தா சொல்லச் சொல்லத் தண்ணீர்ச் செம்பை வைக்கும் குழந்தை, கொஞ்ச நாளில் தானே ‘மெதுவா’ என்று முணுமுணுத்துக்கொண்டு வைக்கும். பிறகு முணுமுணுப்பும் மறைந்து, நிதானம் மட்டும் மிஞ்சும். பொறுப்பது, திட்டமிடுவது, பிறர் மனதை ஊகிப்பது எல்லாம் இப்படித்தான் உள்ளே போகின்றன. பாஸ்டனில் 4 முதல் 6 வயதுக் குழந்தைகள் 36 பேரை வைத்துச் செய்து 2018-ல் வெளியான ஆய்விலும், காதில் விழுந்த மொத்தச் சொற்களைவிட, பெரியவரும் குழந்தையும் மாறி மாறிப் பேசிய முறைகளின் எண்ணிக்கைதான் மூளையின் மொழிப்பகுதி இயங்கும் விதத்தோடு நெருங்கிய தொடர்பு காட்டியது. ஓயாமல் பேசிக்கொண்டே இருங்கள் என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருந்தால் அது அரை உண்மை. பேசிவிட்டு நிறுத்த வேண்டும், அவன் முறைக்கு இடம் விட வேண்டும்.

வீட்டில் நாளைக்கு நான்கு தடவை, பத்துப் பத்து நிமிடம்

காலையில் நீங்கள் கிளம்புமுன் ஒன்று, பகலில் மாமியார் இரண்டு, மாலையில் நீங்கள் ஒன்று. தனியாக ‘கிளாஸ்’ எடுக்க வேண்டாம். குளிக்கும்போதும், துணி மடிக்கும்போதும், அவரைக்காய் கிள்ளும்போதும் செய்யலாம்.

தரையில் அவன் முகத்துக்கு நேராக உட்காருங்கள். அவன் எதைப் பார்க்கிறானோ அதைப் பற்றி ஒரு சிறு சொல் சொல்லுங்கள். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தால் ‘சுத்துது!’ போதும். பிறகு வாயை மூடி, மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். நீளமாகத் தெரியும், ஆனாலும் எண்ணுங்கள். அவன் ஒரு பார்வை பார்த்தாலும், ஒரு ஒலி எழுப்பினாலும், சக்கரத்தை உங்கள் பக்கம் தள்ளினாலும் அது அவன் முறை. உடனே பதில் சொல்லுங்கள், ஒரே ஒரு சொல்லைக் கூட்டி. அவன் ‘காக்கா’ என்றால் நீங்கள் ‘காக்கா பறக்குது’. அவன் ‘கா’ என்று அரைகுறையாகச் சொன்னாலும் திருத்தாதீர்கள், ‘ஆமா, காக்கா!’ என்று முழுச் சொல்லாகத் திருப்பித் தாருங்கள்.

பெரும்பாலான வீடுகளில் தவறிப்போகும் இடம் ஒன்று உண்டு. ‘இது என்ன? சொல்லு. மாம்பழம் சொல்லு. சொல்லுடா’ என்று பரீட்சை வைப்பது. அவன் மனம் சக்கரத்தில் இருக்கும்போது மாம்பழத்துக்கு இழுத்தால், கவனத்தை மாற்றுவதிலேயே அவன் சக்தி போய்விடும், சொல் ஒட்டாது. குழந்தை ஏற்கெனவே கவனித்துக்கொண்டிருக்கும் பொருளின் பெயர்தான் சுலபமாக ஒட்டும். நீங்கள் ஒரு முறை கேள்வி கேட்டால், நான்கு முறை கேட்காமல் வெறுமனே பெயரைச் சொல்லுங்கள். அதேபோல, வாயால் சொன்னால்தான் பால் என்று பிடித்து வைக்காதீர்கள். அழுகைதான் மிஞ்சும், பேச்சு தண்டனையாகிவிடும்.

கேட்பதற்கான தேவையை மட்டும் உருவாக்கலாம். முறுக்கு டப்பாவை இறுக மூடிக் கையில் கொடுங்கள், உங்களிடம் வருவான். ‘திற’ என்று நீங்களே சொல்லி, காத்திருந்து, அவன் பார்த்ததும் திறங்கள். ஒரு துண்டு மட்டும் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். சோப்பு நுரைக் குமிழியை ஊதிவிட்டு நிறுத்துங்கள்.

உங்கள் மாமியாரிடம் மருந்துக்கடையில் கிடைக்காத ஒரு மருந்து இருக்கிறது. உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, ஆளுக்கொரு உருண்டை கொடுத்து, ‘நண்டூருது, நரியூருது’ என்று விரலை ஏற்றி அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டும் அந்தப் பழைய விளையாட்டைத் தினமும் விளையாடச் சொல்லுங்கள். நான்கைந்து நாளில் வரிசை அவனுக்குப் பழகிவிடும். அப்போது முழங்கைக்கு வந்ததும் விரலை நிறுத்தி, அவன் முகத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். அவன் நிமிர்ந்து பார்ப்பான், அல்லது கையை இழுத்து மேலே வைப்பான், ஒருநாள் ‘ஊ’ என்பான். கண்ணோடு கண் பார்ப்பது, அடுத்தது என்ன என்று எதிர்பார்ப்பது, முறை மாற்றுவது என்று பேச்சுப் பயிற்சியில் நாங்கள் கட்டியெழுப்பப் பார்க்கும் மூன்றும் இதில் இருக்கின்றன. அவரைக் குறை சொல்லிப் போனைப் பிடுங்குவதைவிட இந்த வேலையை அவரிடம் ஒப்படைப்பது பலன் தரும். பகல் முழுக்க அவனோடு இருப்பவர் அவர்தான், அவர் இல்லாமல் எதுவும் நடக்காது.

போனை நிறுத்துவது கஷ்டமான பகுதி. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் உலக சுகாதார நிறுவனமும் இரண்டு வயதுக்கு மேல் நாளைக்கு அதிகபட்சம் 1 மணி நேரம் என்கின்றன, குறைந்தால் இன்னும் நல்லது. முதலில் ஒரு வேளைச் சாப்பாட்டில் மட்டும் எடுங்கள். காலை டிபன் நல்லது. நீங்கள் வீட்டில் இருப்பீர்கள். போன் கண்ணில் படவே கூடாது. எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, அவனுக்கும் ஒரு சின்னத் தட்டு வைத்து, தானே எடுத்துச் சாப்பிட விடுங்கள். 25 நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள், துரத்திக்கொண்டு ஓடி ஊட்ட வேண்டாம். முதல் சில நாள் கத்துவான், குறைவாகச் சாப்பிடுவான். மூன்றாம் நாள் மனமிளகிப் போனைக் கொடுத்தால், கத்தினால் கிடைக்கும் என்பதைக் கற்றுக்கொள்வான், அடுத்த முறை இன்னும் நேரம் கத்துவான். அதனால் வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகே தொடங்குங்கள். அது பழகிய பிறகு மதியம், பிறகு இரவு. எடையை மாதம் ஒருமுறை பார்த்தால் மாமியாரின் பயமும் அடங்கும். பின்னணியில் ஓடும் டிவியையும் அணையுங்கள். யாரும் பார்க்காவிட்டாலும் அது பெரியவர்களின் பேச்சைக் குறைக்கும், குழந்தையின் விளையாட்டைத் துண்டு துண்டாக்கும். சீரியல் வேண்டுமென்றால் அவன் தூங்கும் நேரத்தில் வைத்துக்கொள்ளலாம்.

பிளே ஸ்கூல், இங்கிலீஷ், வேலை

மற்ற குழந்தைகளோடு சேர்ந்தால் பேச்சு வந்துவிடும் என்பது பாதிதான் சரி. இரண்டரை வயதில் குழந்தைகள் பக்கத்தில் பக்கத்தில் தனித்தனியாக விளையாடுவதே இயல்பு. சொல் இல்லாத குழந்தைக்காகக் காத்திருந்து பதில் சொல்ல இன்னொரு இரண்டரை வயதுக் குழந்தைக்குத் தெரியாது, அது பெரியவரால்தான் முடியும். அதனால் சேர்க்குமுன் கேளுங்கள்: ஒரு பெரியவருக்கு எத்தனை குழந்தைகள்? எட்டுப் பத்தைத் தாண்டினால் உங்கள் மகன் மூலையில் அமைதியாக இருந்துவிடுவான், ‘தொல்லையே இல்லை’ என்று பாராட்டு வேறு வரும். டிவித் திரை ஓடுகிறதா? பென்சில் பிடித்து எழுத வைக்கிறார்களா? மணல், தண்ணீர், பொம்மையோடு எவ்வளவு நேரம்? டீச்சர் தமிழில் பேசுவாரா? பதில்கள் திருப்தியாக இல்லாவிட்டால் பக்கத்து அங்கன்வாடியைப் போய்ப் பாருங்கள். நல்ல பணியாளர் இருந்தால் அது பல தனியார் இடங்களைவிட மேல். மாலையில் பக்கத்து வீட்டுக் குழந்தை ஒன்றோடு அரை மணி நேரம், நீங்களும் நடுவில் உட்கார்ந்து பந்து உருட்டுவது இப்போதைக்குப் போதுமான நட்பு வட்டம்.

வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள் என்ற அறிவுரையை ஏற்காதீர்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சுத் தாமதம் வருவதில்லை. ஆனால் அப்பத்தா பேசாத, உங்களுக்கே தயங்கித் தயங்கி வரும் மொழியில் அவனோடு பேசினால் பேச்சின் அளவு குறையும், கொஞ்சலும் கோபமும் குறையும். தமிழில் பேசுங்கள், உங்கள் ஊர்த் தமிழிலேயே. ஆங்கிலம் பள்ளியில் வரும்.

வேலையை விட வேண்டாம். நாளைக்கு நாற்பது நிமிடம் கவனத்தோடு நடக்கும் மாறி மாறிப் பேச்சுக்கு நீங்கள் நாள் முழுக்க வீட்டில் இருக்கத் தேவையில்லை, வருமானம் நின்றால் பயிற்சிச் செலவுதான் முதலில் அடிபடும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைக் காப்பக வசதி இருக்க வேண்டும், தாய் நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்க அனுமதிக்க வேண்டும் என்பது மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-ல் செய்த திருத்தத்தில் வந்த விதி. உங்கள் கம்பெனியில் கேட்டுப் பாருங்கள். ஆனால் காப்பகத்திலும் குழந்தைகளை டிவி முன்னால் உட்கார வைக்கிறார்களா என்று பார்த்த பிறகே அனுப்புங்கள்.

எங்கே போவது, எதை எடுத்துப் போவது

குழந்தைகளின் உடல்நலத்தையும் வளர்ச்சியையும் பரிசோதிக்கும் மத்திய அரசின் ஆர்பிஎஸ்கே திட்டத்தின் கீழ் மாவட்டங்களில் ஆரம்பகால இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ அந்த மையத்தின் ஆங்கிலச் சுருக்கமான ‘டிஇஐசி’ என்று கேட்டால் காட்டுவார்கள். கேள்திறன், வளர்ச்சி மதிப்பீடு, பேச்சுப் பயிற்சி அங்கே கட்டணமில்லை. கூட்டம் இருக்கும். தனியாரிடம் போவதானால் முதலில் குழந்தை வளர்ச்சியில் சிறப்புப் பயிற்சி பெற்ற குழந்தை மருத்துவர், பிறகு தகுதி பெற்ற பேச்சு மொழிப் பயிற்சியாளர் என்ற வரிசையில் போங்கள். முதல் நாளே ஆறு மாதப் பேக்கேஜுக்குப் பணம் கட்டச் சொல்லும் இடத்தையும், குழந்தையை உள்ளே கூட்டிப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும் இடத்தையும் தவிருங்கள். வாரத்துக்கு இரண்டு மணி நேரப் பயிற்சி, வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தந்தால்தான் மற்ற நேரங்களுக்கும் பரவும். ஆகவே மாமியாரையும் கூடவே கூட்டிப் போங்கள்.

போகுமுன் மூன்று வேலை. அவன் தானாகச் சொல்லும் சொற்களையும் காட்டும் சைகைகளையும் ஒரு வாரம் நோட்டில் குறித்து வையுங்கள், எந்தச் சூழலில் சொன்னான் என்பதோடு. அவன் விளையாடும்போது, சாப்பிடும்போது, பெயர் சொல்லிக் கூப்பிடும்போது இரண்டிரண்டு நிமிட வீடியோ எடுங்கள், மருத்துவர் அறையில் குழந்தைகள் வேறு மாதிரி நடந்துகொள்வார்கள். பிறந்தபோது எடை, மஞ்சள் காமாலை, வலிப்பு, காதில் சீழ் ஏதும் இருந்ததா என்ற விவரங்களைத் தடுப்பூசி அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

இடையில் அவன் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்த சொற்களை இழந்தாலோ, கண்ணைப் பார்ப்பது குறைந்தாலோ தேதிக்குக் காத்திருக்காமல் உடனே போங்கள். மற்றபடி, காதுப் பரிசோதனையை இந்த வாரமே பதிவு செய்துவிட்டு, அவரைக்காய் கிள்ளும்போது பத்து எண்ணுவதை நாளைக் காலையிலிருந்தே தொடங்கிவிடலாம். மதிப்பீட்டு முடிவு வரும்வரை அதை நிறுத்தி வைக்கத் தேவையில்லை, முடிவு எதுவாக இருந்தாலும் அவனுக்கு அது வேண்டும். மூன்று மாதம் கழித்து அந்த நோட்டை எடுத்து மறுபடி ஒரு வாரம் குறித்து, இரண்டு பட்டியலையும் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். பயிற்சியைக் கூட்டுவதா, மாற்றுவதா என்பதை அதை வைத்துத்தான் அவர் முடிவு செய்வார்.